பெட்டி ஒரு வழி, பயணி ஒரு வழி

சென்னையிலிருந்து ஆரணிக்குப் பேருந்தில் வருகிறீர்கள். வழியில் ஆற்காட்டில் உள்ள மாமா வீட்டுக்குப் போய்வரலாமே என்று திடீரென்று தோன்றுகிறது. நடத்துனரிடம் சொல்கிறீர்கள், அவர் விசில் ஊதுகிறார், வண்டி நிற்கிறது. இருக்கைக்கு அடியில் வைத்திருந்த பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறீர்கள். பேருந்து தன் வழியே போகிறது. யாருக்கும் நஷ்டமில்லை.

விமானத்தில் செல்பவர் இப்படிப் பாதி வழியில் விலகிக்கொள்ள முடியுமா? அப்படி விலகினால் அவருடைய பெட்டி என்ன ஆகும்?

ஒரு கற்பனைப் பயணம்

ஆரணி நெசவாளர் ஒருவர் டில்லியில் நடந்த கைத்தறிக் கண்காட்சிக்குப் போய்விட்டு ஊர் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். விற்றது போக மீதியான 20 பட்டுப் புடவைகள் அவர் பெட்டியில் இருக்கின்றன. டிக்கெட் விலையைப் பார்த்தவருக்கு வியப்பு! சென்னைக்கு நேரே செல்லும் டிக்கெட்டைவிட, சென்னையில் விமானம் மாறி மதுரை செல்லும் டிக்கெட் மலிவாக இருக்கிறது.

தூரம் கூடினால் கட்டணமும் கூட வேண்டாமா? பேருந்தில் அப்படித்தான். ஆனால் விமானக் கட்டணம் கிலோமீட்டர் கணக்கில் மட்டும் அமைவதில்லை. அந்த ஊருக்கு எத்தனை பேர் போகிறார்கள், போட்டிக்கு எத்தனை விமானங்கள் இருக்கின்றன என்பவற்றையும் பார்த்தே விலை வைக்கிறார்கள். அதனால் சில சமயம் நீண்ட பயணம் மலிவாகிவிடும்.

“மதுரைக்கு டிக்கெட் வாங்கிச் சென்னையில் இறங்கிக்கொண்டால் போயிற்று!” என்று நினைக்கிறார் நம் நெசவாளர். டில்லியில் பெட்டியை ஒப்படைக்கிறார். சென்னையில் இறங்கி, பெட்டிகள் சுற்றி வரும் பட்டையருகே நிற்கிறார். எல்லோருடைய பெட்டியும் வருகிறது, அவருடையது வரவில்லை. ஏன்?

தறியில் இருக்கிறது விடை

இதற்கு விடை காண ஆரணிக்கே வருவோம். பட்டுத் தறியின் மேலே ஜக்கார்டு பெட்டியையும், அதில் தொங்கும் துளையிட்ட அட்டைகளையும் உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அட்டையில் துளை உள்ள இடத்தில் ஊசி நுழைகிறது. அதனோடு சேர்ந்த கொக்கி பாவு இழையை மேலே தூக்குகிறது. துளை இல்லாத இடத்தில் ஊசி தள்ளப்படுகிறது. அந்த இழை எழுவதில்லை. ஒவ்வொரு அட்டையாக மாற மாற, புடவையில் மயிலும் மாங்காயும் உருவாகின்றன. நெசவாளரின் மனத்தில் என்ன இருக்கிறது என்று தறிக்குத் தெரியாது. அட்டை சொல்வதையே அது செய்யும்.

பிரான்சு நாட்டின் ஜோசப் மேரி ஜக்கார்டு 1804இல் உருவாக்கிய முறை இது. துளையிட்ட அட்டையில் செய்தியைப் பதிக்கும் கருத்து பின்னாளில் கணக்கிடும் எந்திரங்களுக்கும் பயன்பட்டது. 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை இத்தகைய அட்டைகளைக் கொண்டே கணக்கிட்டார்கள்.

விமான நிலையத்தில் பெட்டியின் கைப்பிடியில் ஒட்டும் நீளச் சீட்டும் இந்த அட்டையின் உறவினர்தான். துளை உண்டு, இல்லை என்பதற்குப் பதிலாக அதில் தடித்த கோடுகளும் மெல்லிய கோடுகளும் இருக்கின்றன. லேசர் ஒளி அவற்றின் மேல் பாய்கிறது. கறுப்புக் கோடு ஒளியை விழுங்குகிறது. வெண்மையான இடம் திருப்பி அனுப்புகிறது. இந்த வேறுபாட்டிலிருந்து எந்திரம் 10 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணைப் படித்துக்கொள்கிறது.

அந்த எண்ணில் முதல் இலக்கத்தை அடுத்து வரும் 3 இலக்கங்கள் விமான நிறுவனத்தைக் குறிக்கும். ஏர் இந்தியாவுக்கு 098. கடைசி 6 இலக்கங்கள் பெட்டியின் வரிசை எண். 000000 முதல் 999999 வரை 10 லட்சம் எண்கள்தான் உண்டு. அவை தீர்ந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

இதில் “மதுரை” எங்கே இருக்கிறது? எண்ணுக்குள் இல்லை. இந்த எண்ணுள்ள பெட்டி யாருடையது, எந்தெந்த விமானத்தில் எதுவரை போக வேண்டும் என்பதெல்லாம் கணிப்பொறியில் பதிவாகியிருக்கும். மனிதர்கள் படிப்பதற்காகச் சீட்டிலேயே ஊரின் பெயர் மூன்று எழுத்துகளில் அச்சாகியிருக்கும். மதுரைக்கு ஐ.எக்ஸ்.எம்.; சென்னைக்கு எம்.ஏ.ஏ. மெட்ராஸ் என்ற பழைய பெயரின் நினைவு இதில் இன்னும் இருக்கிறது!

ஆக, நம் நெசவாளரின் பெட்டி சென்னையில் இறங்கியதும் மதுரை விமானத்துக்கான வரிசைக்குப் போய்விட்டது. அவர் மனம் மாறியது பெட்டிக்குத் தெரியாது.

ஆள் வராவிட்டால்?

அந்தப் பெட்டி மதுரைக்குத் தனியே பறந்துவிடுமா? அதுவும் இல்லை. விமானம் கிளம்புமுன் இரண்டு பட்டியல்களை ஒப்பிடுவார்கள். ஒன்று, ஏறிய பயணிகளின் பட்டியல். மற்றொன்று, ஏற்றிய பெட்டிகளின் பட்டியல். பெட்டி இருந்து, ஆள் இல்லையென்றால், பெட்டியைக் கீழே இறக்க வேண்டும்.

நெசவாளரின் பெயரை ஒலிபெருக்கியில் அழைக்கிறார்கள். பதில் இல்லை. ஊழியர்கள் விமானத்தின் சரக்கறைக்குள் புகுந்து, அடுக்கிய பெட்டிகளுக்கு நடுவே ஒரே ஒரு பெட்டியைத் தேடுகிறார்கள். ஏறி அமர்ந்த பயணிகள் அனைவரும் காத்திருக்கிறார்கள். அவர்களில் மருத்துவமனைக்கு விரைபவர் இருக்கலாம். நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் மாணவர் இருக்கலாம்.

ஒரு பெட்டிக்காக இவ்வளவு பாடா? இந்த விதிக்கு மனிதர்கள் கொடுத்த விலை மிகப் பெரியது.

உயிர்கள் கற்பித்த பாடம்

1984 ஆகஸ்டு 2ஆம் நாள் இரவு, சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் குண்டு வெடித்தது. கொழும்பு விமானத்தில் செல்வதாகப் பதிவு செய்த ஒருவர் பெட்டிகளை ஒப்படைத்துவிட்டு, விமானத்தில் ஏறவே இல்லை. நிலையத்திலேயே தங்கிவிட்ட அந்தப் பெட்டிகளில் குண்டு இருந்தது. 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் பலர் இலங்கையர்.

ஓராண்டுகூட ஆகவில்லை. 1985 ஜூன் 22. கனடாவின் வான்கூவர் நகரில் ஒருவர் பெட்டியை ஒப்படைத்தார். அது டொராண்டோவில் ஏர் இந்தியாவின் ‘கனிஷ்கா’ விமானத்துக்கு மாற்றப்பட்டது. பெட்டி தொடர்ந்து சென்றது. ஒப்படைத்தவர் எந்த விமானத்திலும் ஏறவில்லை. ஜூன் 23 அன்று அயர்லாந்துக்கு அருகே, கடலுக்கு மேலே குண்டு வெடித்து, விமானத்தில் இருந்த 329 பேரும் மாண்டனர். வான்கூவரிலிருந்தே வேறு விமானத்தில் வந்த இன்னொரு பெட்டி, அதே நாளில் ஜப்பானின் நரிட்டா விமான நிலையத்தில் வெடித்தது. அதை வேறொரு ஏர் இந்தியா விமானத்துக்கு மாற்றிக்கொண்டிருந்த இரண்டு தொழிலாளர்கள் இறந்தனர்.

இதற்குப் பிறகு சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் தன் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கியது. ஏறாத பயணியின் பெட்டியைத் தனிச் சோதனை செய்யாமல் கொண்டுசெல்லக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. இந்தியாவில் பல ஆண்டுகள் வரை, பயணிகள் விமானத்தின் அருகே வரிசையாக வைத்த பெட்டிகளில் தங்களுடையதைச் சுட்டிக்காட்டிய பிறகே அவற்றை ஏற்றினார்கள். இன்று அந்த வேலையைக் கோடுகளும் கணிப்பொறியும் செய்கின்றன.

இங்கே உங்களுக்கு ஓர் ஐயம் எழலாம். நிறுவனத்தின் தவறால் வழி மாறிய பெட்டி, அடுத்த நாள் தனியாக வந்து சேர்கிறதே, அது எப்படி? அதைத் தனியே சோதித்து அனுப்புகிறார்கள் என்பது ஒன்று. அதைவிட முக்கியமான வேறுபாடும் உண்டு. அந்தப் பெட்டி தன்னைப் பிரியும் என்று அதன் சொந்தக்காரருக்கு முன்கூட்டியே தெரியாது. தெரிந்தே பெட்டியை விட்டுப் போகிறவரைக் கண்டுதான் அஞ்ச வேண்டியிருக்கிறது. சொல்லாமல் போனவர் நல்லவரா, கெட்டவரா என்று விமானத்தில் இருப்பவர்கள் எப்படி அறிவார்கள்?

அப்படியானால் என்ன செய்வது?

பெட்டியை ஒப்படைத்ததும் சீட்டில் உள்ள மூன்று எழுத்துகளைப் படித்துப் பாருங்கள். பெட்டி எதுவரை போகும் என்பதை அவை சொல்லிவிடும். உங்களிடம் தரும் சிறு துண்டுச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியைத் தேட அந்த எண்தான் சாவி.

வழியில் உடல்நலம் கெட்டாலோ, வீட்டிலிருந்து அவசரச் செய்தி வந்தாலோ, பயணத்தை நிறுத்துவது குற்றமல்ல. ஆனால் நிலையத்தை விட்டு வெளியேறுமுன் விமான நிறுவன ஊழியரிடம் சொல்லிவிட வேண்டும். பெட்டி ஏறுமுன்பே சொன்னால் அதைத் தனியே எடுத்துவைப்பது எளிது. கைக்கு வரச் சற்று நேரமாகலாம், பொறுத்திருக்க வேண்டும். மருந்து, சான்றிதழ் போன்றவற்றை எப்போதும் கைப்பையிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

கைப்பை மட்டும் கொண்டுபோனால் தப்பிக்கலாமே என்கிறீர்களா? விமானத்தினுள் இடம் நிரம்பிவிட்டால் கைப்பையையும் வாங்கிச் சீட்டு ஒட்டிச் சரக்கறைக்கு அனுப்பிவிடுவது உண்டு. மேலும், பயணத்தின் ஒரு பகுதியை விட்டுவிட்டால், அதே டிக்கெட்டில் மீதியுள்ள பயணங்களை நிறுவனம் ரத்து செய்துவிடக்கூடும்.

நம் நெசவாளர் கடைசியில் ஊழியர் ஒருவரிடம் ஓடிப்போய் உண்மையைச் சொன்னார் என்று வைத்துக்கொள்வோம். துண்டுச் சீட்டின் எண்ணைக் கொண்டு, மதுரை விமானத்தில் ஏறுமுன்பே பெட்டியை எடுத்துவிட்டார்கள். அவர் ஆரணிப் பேருந்தைப் பிடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மதுரை விமானமோ சரியான நேரத்தில் கிளம்பிவிட்டது.