மேடை இறுகும் வரை

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலும் திருவள்ளூரை ஒட்டிய காக்களூர்த் தொழிற்பேட்டைப் பகுதியிலும் வீட்டு அடுப்பு எரிய வேண்டிய நேரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஆலையின் ஷிப்டுதான். காலை 6 மணிக்குத் தொடங்கும் ஷிப்டுக்குச் செல்பவருக்கு 5 மணிக்கெல்லாம் சாப்பாட்டு டப்பா தயாராகிவிட வேண்டும்; பிற்பகல் ஷிப்டு முடிந்து வருபவர் இரவு 10 மணிக்கு மேல்தான் தட்டின் முன் அமர்வார்; இரவுப் பணியாளரோ விடிந்த பின் வீடு திரும்பி, உண்டு, உறங்கப் போவார். கணவனும் மனைவியும் வெவ்வேறு ஆலைகளில் பணிபுரியும் வீடுகளில் இந்த நேரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்வதால், சமையலறைக்கு முழு ஓய்வு கிடைக்கும் வேளை என்று எதுவுமில்லை. அத்தகைய வீட்டில் மேடையை இடிக்கத் துணிவதென்பது, எந்த ஆலையும் விடுப்புத் தராத ஒரு வேலையை வாரக்கணக்கில் நிறுத்திவைக்கத் துணிவதாகும்.

சமையலறைச் சீரமைப்பு என்று பொதுவாகச் சொல்லப்படுவது, பழைய மேடையை உடைப்பதில் தொடங்கி, தண்ணீர்க் குழாயையும் மின்கம்பியையும் சுவருக்குள் புதிதாகப் பதித்து, பூச்சு வேலை முடித்து, டைல்ஸ் ஒட்டி, கிரானைட் இட்டு, அலமாரிகளைப் பொருத்துவது வரை நீளும் வேலைத்தொடராகும். சிறிய வீடுகளில்கூட இது மூன்று வாரம் முதல் ஐந்து வாரம் வரை இழுத்துவிடுகிறது. மேஸ்திரி எழுதித் தரும் மதிப்பீட்டில் செங்கல், சிமெண்ட், கருங்கல்லை உடைத்துத் தயாரிக்கப்படும் எம்-சாண்ட் எனும் செயற்கை மணல், கொத்தனார் கூலி, சித்தாள் கூலி ஆகிய அனைத்தும் இடம்பெறுகின்றன. அந்த வாரங்களில் குடும்பம் எங்கே சமைக்கும், எங்கே பாத்திரம் துலக்கும் என்பதற்கான வரி மட்டும் இருப்பதில்லை. சீரமைப்புக் காலத்துச் சிக்கல்களில் பெரும்பகுதி இந்த விடுபட்ட வரியிலிருந்துதான் கிளைக்கிறது.

இன்று இடிபடும் மேடைகள் பலவும் எரிவாயு அடுப்போடு வீட்டுக்குள் வந்தவை. விறகடுப்பும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் தரையில் இருந்த காலத்தில் சமையலும் தரையிலேயே அமர்ந்து நடைபெற்றது. அரிவாள்மனையும் அம்மியும் அதற்கேற்ற கருவிகளாக இருந்தன. சிலிண்டரைவிட உயரத்தில் அடுப்பு இருக்க வேண்டும் என்னும் தேவை, சமைப்பவரை எழுந்து நிற்கச் செய்தது. 2006இல் அமைந்த தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பை வழங்கியது. அடுத்து வந்த அரசின் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தை அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிவைத்தது இதே திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான். கருவிகள் இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தனவே தவிர, அவற்றை ஏற்கும் அறை மாறவில்லை. ஒற்றை பிளக் பாயிண்ட்டில் மிக்சியையும் கிரைண்டரையும் மாற்றி மாற்றிச் செருகும் வீடுகளில், சீரமைப்பு ஆடம்பரம் அன்று. காலம் கடந்து செய்யப்படும் கணக்குத் தீர்ப்பு.

மேடைக் கல்லும் ஒரு காரணம். அண்டை மாநிலமான ஆந்திரத்தின் கடப்பைப் பகுதியிலிருந்து வரும் கருநிறக் கடப்பாக்கல் விலை குறைவு என்பதால் அலமாரித் தட்டாகவும் மேடையாகவும் நீண்ட காலம் பயன்பட்டது. அது சுண்ணாம்பு வகைக் கல்லாதலால், புளியும் எலுமிச்சையும் மோரும் தொடர்ந்து படும்போது அவற்றின் அமிலம் அதன் மேற்பரப்பை அரித்து வெளுக்கச் செய்கிறது. தீக்குழம்பு குளிர்ந்து உருவான கிரானைட்டுக்கு இக்குறை கிடையாது. நாள்தோறும் குழம்பில் புளி கரைக்கும் சமூகத்துக்கு அதுவே பொருத்தமான கல்.

கல்லின் அடியில் இடப்படும் கான்கிரீட் பலகை கண்ணுக்குத் தெரியாததால் குறைவாகவே பேசப்படுகிறது. ஆனால் இவ்வட்டாரத்தில் கவனிக்க வேண்டியது அதுவே. கும்மிடிப்பூண்டி ஆலைகளில் பழைய இரும்பை மின்தூண்டல் உலையில் உருக்கி, உருளைகளுக்கிடையே நீட்டி, டி.எம்.டி. கம்பியாக்குகிறார்கள், செந்நிறச் சூட்டில் வெளிவரும் கம்பியின்மீது நீரைப் பீய்ச்சியடித்துப் புறப்பகுதியைக் கடினமாகவும் உட்பகுதியை வளைந்துகொடுப்பதாகவும் அமைக்கும் முறையே அப்பெயருக்குக் காரணம். கம்பி எவ்வளவு தரமானதாக இருந்தாலும் கலவைக்கு ஊற்றும் நீர் உப்பாக இருந்தால் அது உள்ளிருந்தே துருவேறும். மீஞ்சூர், பொன்னேரிப் பகுதிகளில் நிலத்தடி நீருக்குள் கடல்நீர் ஊடுருவியிருப்பது 1960களின் இறுதியிலிருந்தே அறியப்பட்ட செய்தி. கம்பியிட்ட கான்கிரீட்டுக்குப் பயன்படும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது இந்தியத் தரநிலை 456. குடிப்பதற்குக் கேன் தண்ணீர் வாங்கும் குடும்பம், மேடைக்குக் கிணற்று உப்புநீரே போதும் என்று விட்டுவிடுவது விந்தையான சிக்கனம்.

சிமெண்ட் உலர்வதால் இறுகுவதில்லை. நீரோடு வேதிவினை புரிவதால்தான் இறுகுகிறது. எனவே மேடை வார்த்த மறுநாளிலிருந்து ஈரச்சாக்கு போர்த்தியோ நீர் தேக்கியோ வைப்பது வேலையின் ஒரு பகுதியாகும். அதே தரநிலையின்படி சாதாரண சிமெண்ட்டுக்குக் குறைந்தது 7 நாளும், அனல்மின் நிலையச் சாம்பல் கலந்து இன்று பரவலாக விற்கப்படும் பி.பி.சி. வகைக்குக் குறைந்தது 10 நாளும் ஈரம் காக்கப்பட வேண்டும். வெளிப்பார்வைக்கு எந்த வேலையும் நடவாத இந்நாள்களில்தான் வீட்டின் பொறுமை கரைகிறது. ஆளும் வரவில்லை, அடுப்பும் இல்லை என்ற எரிச்சலில் நான்காம் நாளே தண்ணீர் விடுவதை நிறுத்தி டைல்ஸ்காரரை அழைக்கும் குடும்பங்கள் உண்டு. பின்னர் விரிசல் தோன்றும்போது பழி கொத்தனார்மீது விழுகிறது.

ஆக, இரண்டு கடிகாரங்கள் மோதுகின்றன. சிமெண்ட்டின் கடிகாரத்தை விரைவுபடுத்த முடியாது. ஷிப்டின் கடிகாரத்தை நிறுத்த முடியாது. இடைவெளியை நிரப்புவது கூடத்திலோ திண்ணையிலோ மாடிப்படி அடியிலோ அமைக்கப்படும் தற்காலிக அடுப்படி. அங்கே முதலில் நிகழும் பிழை, அடுப்பைச் சிலிண்டருக்குப் பக்கத்தில் தரையிலேயே வைத்துவிடுவது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானதாகையால், கசிந்தால் மேலெழாமல் தரையோடு படிந்து நிற்கும். தாழ்வாக எரியும் சுடர் அதற்கு எளிதில் எட்டிவிடும். உறுதியான மேசைமீது அடுப்பும், கீழே நிமிர்ந்த நிலையில் சிலிண்டரும், இரண்டுக்குமிடையே ஒன்றரை மீட்டருக்கு மிகாத குழாயும் இருப்பதோடு, கம்பி வெட்டும் இயந்திரத்தின் தீப்பொறி பறக்கும் இடத்திலிருந்து விலகியிருப்பதும் கட்டாயம்.

பலரும் இண்டக்ஷன் அடுப்பை நாடுகின்றனர். 2000 வாட் அடுப்பை நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் முழுத் திறனில் இயக்கினால் 4 யூனிட், ஒரு மாதத்துக்கு 120 யூனிட் கூடுதலாகும். தமிழ்நாட்டில் இரு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கிடப்படும் மின்கட்டணத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் விகிதமே மாறிவிடுவதால், விளிம்பில் நிற்கும் வீடுகள் இதை முன்கூட்டிக் கணக்கிடுவது நல்லது. மிக்சிக்குரிய சிறிய பிளக்கில் இதைச் செருகக்கூடாது என்பதும், அடிப்புறத்தில் காந்தம் ஒட்டாத அலுமினியக் குக்கரும் ஈயச்சொம்பும் இதில் சூடேறா என்பதும் வாங்கிய பிறகே பலருக்குத் தெரிய வருகின்றன.

அடுப்பு கிடைத்தாலும் தொட்டி கிடைப்பதில்லை. கூர்ந்து நோக்கினால் சீரமைப்புக் காலத்தில் சமையலைவிடக் கழுவுதலே பெரும்பாடு. பாத்திரங்கள் குளியலறைக்கோ புழக்கடைக் குழாயடிக்கோ சென்று திரும்புகின்றன, அரிசி களைய ஒரு வாளி, களைந்த நீருக்கு மற்றொரு வாளி என வீடெங்கும் ஈரம் பரவுகிறது. இதனால் உணவுப் பட்டியல் தானாகவே சுருங்கி, சாம்பார் சாதம், புளியோதரை, எலுமிச்சைச் சாதம் போன்ற ஒரே பாத்திரத்தில் முடிபவையும், இரண்டு நாள் தாங்கும் வத்தக்குழம்பும் பருப்புப்பொடியும் முன்னுக்கு வருகின்றன. கிரைண்டர் சாக்குத்துணிக்குள் உறங்க, இட்லி மாவு கடையிலிருந்து வருகிறது.

வெளி உணவு எல்லோருக்கும் ஒன்றுபோல் கைகொடுப்பதில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 46ஆம் பிரிவு 250 பேருக்கு மேல் பணிபுரியும் ஆலைகளில் மாநில அரசு கேன்டீனைக் கட்டாயமாக்க வழிசெய்தது. 2020ஆம் ஆண்டுப் பணிப்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அந்த எண்ணிக்கையை 100 ஆகக் குறைத்தது. அதற்கும் குறைவானோர் பணிபுரியும் பட்டறைகளின் தொழிலாளிக்கு வீட்டு டப்பாதான் கேன்டீன். குழந்தைகளைப் பொறுத்தவரை, முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு 2024 ஜூலை 15 அன்று இம்மாவட்டத்துக் கீழச்சேரியில் விரிவாக்கப்பட்ட பின், பள்ளி நாள்களில் ஒரு வேளைச் சமையல் பல வீடுகளில் குறைந்திருக்கிறது. சீரமைப்பைக் கோடை விடுமுறைக்குத் தள்ளிப்போடும் பெற்றோர் இந்த உதவியை இழப்பதுடன், கத்திரி வெயிலில் மேடைக்கு இருமடங்கு நீரூற்றவும் நேர்கிறது.

இத்தனை மாற்று ஏற்பாடுகளும் யார் தலையில் விழுகின்றன என்பதற்கு ஆய்வு தேவையில்லை. எனினும் எண் உண்டு. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்கு 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுகின்றனர். ஒழுங்கான சமையலறை இருக்கும்போதே இந்நிலை. வேலையாள்களுக்குத் தேநீர் கொடுப்பதும், டைல்ஸ் கடைக்குத் தொலைபேசியில் நினைவூட்டுவதும், ஈரச்சாக்கை நனைப்பதும் அந்த 289 நிமிடத்தின்மேல் ஏறுகின்றன. அப்படியிருந்தும் மேடையின் உயரத்தை அங்கே சமைக்கப்போகும் பெண்ணிடம் கேட்டு முடிவுசெய்யும் வழக்கம் அரிது. மேஸ்திரியின் கைப்பழக்க அளவே பெரும்பாலும் நிலைக்கிறது. 1926இல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரத்துத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக்கலைஞர் வடிவமைத்த சமையலறை, சமைப்பவர் வைக்கும் அடிகளை எண்ணிப் பொருள்களின் இடத்தை முடிவுசெய்தது. ஆலைத் தொழிலாளர் குடும்பத்துக்கு நேரமே கூலி என்பதை உணர்ந்து எழுந்த அந்தச் சிந்தனை, கும்மிடிப்பூண்டிக்கும் அந்நியமானதன்று.

டைல்ஸும் கிரானைட்டும் பதிப்போரில் வடமாநில இளைஞர் பலர். அவர்கள் தங்கும் லைன் வீடுகளில் படுக்கையும் அடுப்பும் ஒரே அறைக்குள் அடங்கிவிடுகின்றன. முகவரிச் சான்று இல்லாமலே வாங்கக்கூடிய 5 கிலோ சிலிண்டர்தான் அவர்களது சமையலறை. கல்லை உலர்நிலையில் வெட்டும்போது எழும் சிலிக்கா துகள் நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் எனும் மீளாநோயை உண்டாக்கும். சிலிக்கா மிகுந்த செயற்கைக் குவார்ட்ஸ் மேடைக் கற்களை ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் தடைசெய்ததற்கு அதை வெட்டிய தொழிலாளர்களுக்கு நேர்ந்த கதியே காரணம். வெட்டும் இடத்தில் நீர் ஊற்றச் சொல்வதும், முகக்கவசம் வாங்கித் தருவதும் வீட்டுக்காரருக்குப் பெரிய செலவில்லை. அவரது அரிசிப்பானைக்கும் அதுவே காப்பு.

எந்த மாதத்தில் தொடங்குவது என்னும் கேள்விக்கு வழக்கமான விடை தை. ஊரே தையை எதிர்பார்ப்பதால் அப்போது கொத்தனாருக்குக் கிராக்கி. வெயில் தணிந்த, ஈரம் எளிதில் நிலைக்கும் மார்கழியில் புதுவீடு தொடங்க மாட்டார்கள். பழுதுபார்ப்புக்கு அந்தத் தடையைச் சில குடும்பங்கள் கருதுவதில்லை. மாதப் பிறப்பில் இடித்து, போகிக்குள் பழையன கழித்து, பொங்கலுக்குப் புதிய மேடையில் பால் பொங்க வைப்பதே அவர்களது இலக்கு. ஏறத்தாழ 30 நாளில் பத்தை மேடை இறுகுவதற்கு ஒதுக்கினால் மீதி இருபதுதான் என்பதால், தண்ணீர், தொட்டி, அடுப்பு ஆகிய மூன்றையும் முதலில் முடித்து, அலமாரிக் கதவுகளைப் பொங்கலுக்குப் பிந்தைய வாரங்களுக்கு விட்டுவிடுகின்றனர்.