ஓடைப் பூச்சியின் சாப்பாட்டுக் கணக்கு

பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கங்களில் நாம் தோடு என்று சொல்லும் ஓடைகளில் இறங்கி ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். அடியில் வால்முடி இரண்டு மூன்று கொண்ட தட்டையான சிறு பூச்சிகள் ஓடும். மணலையும் இலைத் துணுக்கையும் ஒட்டிக் குழல்போலக் கூடு கட்டிய புழுக்களும் இருக்கும். முன்னவை மேஃபிளை என்ற பூச்சியின் குஞ்சுகள். பின்னவை கேடிஸ் பூச்சியின் புழுக்கள். மீனுக்கும் தவளைக்கும் இவை இரை. இவை குறைந்தால் ஓடையில் மீனும் குறையும். ஆகவே இவை எதைத் தின்று வளர்கின்றன என்பது நாமும் அறிய வேண்டிய செய்தி.

மரநிழலில் ஓடும் சிற்றோடையில் வெயில் குறைவு. பாசி அதிகம் வளராது. அங்கே முக்கிய உணவு கரையிலிருந்து விழும் சருகு. ஆனால் மரம் இலையை உதிர்க்குமுன் அதிலுள்ள தழைச்சத்தான நைட்ரஜனிலும், மணிச்சத்தான பாஸ்பரஸிலும் பெரும் பங்கைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. மிஞ்சுவது பெரும்பாலும் கார்பன். சருகில் ஒரு பாஸ்பரஸ் அணுவுக்குக் கார்பன் அணுக்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். பூச்சியின் உடம்பிலோ சில நூறுதான்.

கட்டிட வேலை தெரிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். 1:2:4 கான்கிரீட்டுக்கு ஒரு பங்கு சிமென்ட், இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு ஜல்லி. ஜல்லி மலைபோல் குவிந்து கிடந்தாலும், இருக்கிற சிமென்ட் அளவுக்குத்தான் வேலை நடக்கும். பயிர்களைப் பற்றி 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய வேதியியலறிஞர் லீபிக் பரப்பிய விதியும் இதுவே. உடல் வளரப் புரதம் வேண்டும். அதை உருவாக்கும் ஆர்.என்.ஏ.வுக்குப் பாஸ்பரஸ் வேண்டும். அது போதாதபோது பூச்சி எவ்வளவு தின்றாலும் மெதுவாகவே வளரும்.

இயற்கை இதற்கும் வழி வைத்திருக்கிறது. நீரில் விழுந்த சருகைச் சில நாட்களில் ஒருவகைப் பூஞ்சை பற்றிக்கொள்கிறது. 1942இல் இங்கிலாந்தில் இன்கோல்டு என்பவர் இவற்றை விவரித்தார். 1980கள் முதல் மங்களூர் பல்கலைக்கழகத்தின் கே. ஆர். ஸ்ரீதர் போன்றோர் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் இவற்றை ஆராய்ந்துள்ளனர். இந்தப் பூஞ்சை நீரிலுள்ள தழை, மணிச் சத்துக்களை உறிஞ்சிச் சருகில் சேர்க்கிறது, சருகையும் மிருதுவாக்குகிறது. மாவு புளித்த பிறகே இட்லிக்கு ஆவதுபோல, ஊறிப் பூஞ்சை பிடித்த சருகே பூச்சிக்கு நல்ல உணவு.

அப்படியானால் ஓடையில் உரம் கலப்பது நல்லதுதானே என்று கேட்கலாம். அமெரிக்காவில் வட கரோலினாவின் கவீட்டா காட்டு ஓடைகளில் இரு சத்துக்களையும் கலந்தே பார்த்தார்கள். பூச்சிகள் முதலில் பெருகின. ஆனால் ஓடையில் சருகு தங்கும் காலம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததென்று 2015இல் வெளியிட்டார்கள். மாதக்கணக்கில் இருக்க வேண்டிய உணவு சீக்கிரமே தீர்ந்துவிடுகிறது. தேவைக்கு மிஞ்சிய பாஸ்பரஸ் பூச்சியின் வளர்ச்சியையே குறைப்பதும் உண்டு. குறைவும் கேடு, மிகுதியும் கேடு.

நெய்யாறு அகத்தியமலையில் பிறந்து பூவாறில் கடலைச் சேர்கிறது. மேலே காட்டில் பலவகை மரங்கள் வெவ்வேறு காலத்தில் இலை உதிர்க்கின்றன. கீழே நம் பக்கத்தில் ரப்பரும் வாழையும் மரச்சீனியும். ரப்பர் டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் மொத்தமாக உதிர்த்துவிடும். மற்ற மாதங்களில் சருகு சொற்பம். வாழைக்கு இட்ட உரமும் வீட்டுக் கழிவுநீரும் மழையோடு ஓடைக்கு வந்து சேர்கின்றன.

நாம் செய்யக்கூடியது அதிகமில்லை, ஆனால் உண்டு. ஓடைக்கரையில் நாவல், புங்கு, நீர்மருது என்று கலந்து மரங்கள் நிற்கட்டும். அங்கே விழும் சருகைக் குப்பையென்று வாரி எரிக்க வேண்டாம். பெருமழைக்கு முன் உரம் இட வேண்டாம். விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துப்போய் ஒரு கல்லைப் புரட்டிக் காட்டுங்கள். பார்த்தபின் கல்லை இருந்தபடியே வைத்துவிடுங்கள்.