ஜப்தி, பாக்கி, வசூல்: வீட்டுவரி நிலுவை பற்றி ஒரு வியாபாரியின் குறிப்புகள்

மலருக்குக் கட்டுரை கேட்டு நம் சங்கத்து அன்பர்கள் வந்தபோது, சமணர் கல்வெட்டுகள் பற்றித்தான் எழுதுவேன் என்று எதிர்பார்த்தார்கள். கல்வெட்டு வரும், ஆனால் வரி பாக்கி வழியாக வரும். நம் உறுப்பினர்களில் பலர் சிவப்பு நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் தவித்ததை நான் அறிவேன். நானும் அப்படித் தவித்தவன்தான்.

முதலில் சொற்களைப் பாருங்கள். ஜப்தி, பாக்கி, வசூல், அமீனா எல்லாம் அரபிச் சொற்கள். ரசீது பாரசீகம். பாரசீக வழியிலும் உருது வழியிலும் வந்து நம் ஊர்க் கச்சேரிகளில் குடியேறிவிட்டன. அமீன் என்றால் நம்பிக்கைக்குரியவர் என்று பொருள்! கதவைத் தட்டும் அமீனாவை அப்படி நினைத்தவர் யார்? ‘நிலுவை’ மட்டும் நம்முடைய சொல். கட்டாமல் நிற்பது நிலுவை. ஆனால் அது சும்மா நிற்பதில்லை, வட்டியோடு வளர்கிறது.

இது புதிய சங்கதி அல்ல. எங்கள் பூர்வீகம் வந்தவாசிப் பக்கம். அங்கிருந்து அதிக தூரமில்லாத உக்கல் என்னும் ஊரின் பெருமாள் கோவிலில் முதலாம் ராஜராஜனின் 24ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு, கி.பி. 1009 வாக்கிலானது. அந்தணர், வைகானசர், சிராவகர் ஆகியோரின் ஊர்களில் இரண்டு ஆண்டு முழுதும் வரி இறுக்காதவர் நிலத்தை ஊராரே விற்றுவிடலாம் என்பது அரசாணை. சிராவகர் என்றால் எங்கள் ஆட்கள், சமண இல்லறத்தார். பள்ளிச்சந்தம் என்று இறையிலி நிலம் பெற்ற பெருமையை நாங்கள் மேடையில் பேசுவோம்; இந்தக் கல்வெட்டைப் பேச மாட்டோம்.

இனி என் கதை. செகந்திராபாத் ஜெனரல் பஜாரில் பாத்திரக் கடை. 2013இல் நானும் தமையனாரும் பாகம் பிரித்துக்கொண்டோம். கடை வரியை அவர் கட்டுகிறார் என்று நான் நினைத்தேன், நான் கட்டுகிறேன் என்று அவர் நினைத்தார். ஐந்து வருஷம் இருவரும் கட்டவில்லை. வந்த பில்களைப் பையன்கள் ஆணியில் குத்தி வைத்திருக்கிறார்கள்! வருஷம் 12,400 வீதம் அசல் 62,000. வட்டி ஏறத்தாழ 37,000. 2018 பிப்ரவரியில் ஒரு நாள், கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது, ஜப்தி வாரண்டோடு நான்கு பேர் வந்து நின்றார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். எனக்குத்தான் வாய் உலர்ந்துவிட்டது. ஒரு நாள் அவகாசம் வாங்கிக்கொண்டு, அன்று மாலையே ஃபைனான்ஸ்காரர் ஒருவரிடம் 3 வட்டிக்கு ஒரு லட்சம் வாங்கி, மறுநாள் மொத்தத்தையும் கட்டினேன்.

நாற்பது வருஷம் கணக்கு எழுதினவன் செய்கிற காரியமா இது? மாநகராட்சி வட்டி மாதம் 2 சதவீதம், அதுவும் அசலுக்கு மட்டும். வட்டிக்கு வட்டி கிடையாது. 62,000க்கு மாதம் 1,240 ரூபாய். நான் வாங்கின கடனுக்கு மாதம் 3,000. கடனை அடைக்க 16 மாதம் ஆயிற்று. 48,000 வட்டி போயிற்று. மானத்துக்குப் பயந்து சின்ன வட்டியைப் பெரிய வட்டியாக மாற்றிக்கொண்டேன். “பாதியைக் கட்டி, மீதிக்குத் தேதி போட்டுக் கடிதம் கொடுத்திருக்கலாமே ஐயா” என்று பிற்பாடு பில் கலெக்டரே சொன்னார்.

வரி அரையாண்டுக்கு ஒரு முறை. ஜூலை 31, அக்டோபர் 15 என்று கெடு. தவறினால் மேற்சொன்ன 2 சதவீதம் ஓடும். 50 மாதம் விட்டால் வட்டி அசலைத் தொட்டுவிடும். முதலில் பில், பிறகு கேட்பு நோட்டீஸ், அதன்பின் வாரண்ட் என்று படிப்படியாக வருகிறது. பாக்கி ஆளைச் சேர்ந்ததல்ல, கட்டடத்தைச் சேர்ந்தது. ஆகவே பழைய வீடு வாங்குகிறவர்கள் வில்லங்கச் சான்றிதழோடு திருப்தி அடைந்துவிடாமல் வரி ரசீதுகளையும் கேட்டு வாங்க வேண்டும். எந்த அலுவலகம் என்பதையும் பாருங்கள். 2007 ஏப்ரலில் பழைய மாநகராட்சியோடு 12 நகராட்சிகளும் 8 ஊராட்சிகளும் சேர்ந்து பெருமாநகராட்சி ஆயிற்று. ஆனால் நம்மவர்கள் பலர் குடியிருக்கும் கண்டோன்மென்ட் தனி வாரியம்.

தவணை கேட்பது எப்படி? வாய்ப்பேச்சு உதவாது. சொத்து எண், எந்த அரையாண்டுகள், அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, எந்தத் தேதிக்கு எவ்வளவு கட்டுவேன் என்று ஒரு தாளில் எழுதி, முதல் தவணையோடு கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். இது உரிமை அல்ல, அவர்கள் மனம் வைத்தால் கிடைப்பது. வந்தவர் கையில் ரசீதில்லாமல் ஒரு ரூபாயும் தராதீர்கள். பின்தேதி செக் கொடுத்தால் அன்றைக்குக் கணக்கில் பணம் இருக்க வேண்டும். திரும்பி வந்து, நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள்ளும் கட்டாவிட்டால், வரி பாக்கி கிரிமினல் வழக்காகிவிடும்.

கோர்ட் ஜப்தி வேறு. கடன் வழக்கில் டிக்ரி ஆகி பெய்லிஃப் வருகிறாரே, அது சிவில் நடைமுறைச் சட்டப்படி. அங்கே தவணைக்குத் தனி விதியே இருக்கிறது: 20ஆம் கட்டளை, 11ஆம் விதி. தீர்ப்பின்போதே நீதிபதியிடம் கேட்கலாம். தீர்ப்புக்குப் பின் என்றால் கடன் கொடுத்தவர் சம்மதிக்க வேண்டும். ஆகவே வழக்கில் ஆஜராகாமல் ஒளிந்துகொள்வது பெரிய முட்டாள்தனம். அந்தச் சட்டத்தின் 60ஆம் பிரிவு சமையல் பாத்திரம், படுக்கை, உடுதுணி, தொழிலாளியின் கருவி, சமய வழக்கப்படி பெண் கழற்றக்கூடாத அணி, கணக்குப் புத்தகம் ஆகியவற்றைத் தொடக்கூடாது என்கிறது. (என் கடைச் சமையல் பாத்திரங்கள் இதில் சேரா, அவை விற்பனைச் சரக்கு!) பொழுது சாய்ந்தபின் குடியிருக்கும் வீட்டுக்குள் நுழையவும் கூடாது.

சீமையிலும் இதே பாடுதான். இலண்டனில் இருக்கும் என் தங்கை மகன் கவுன்சில் வரியில் ஒரு தவணை தவறவிட்டு மாட்டிக்கொண்டான். அங்கே வரியே பத்து மாதத் தவணையாகத்தான் வரும். தவறினால் ஏழு நாள் கெடு. அதற்கும் கட்டாவிட்டால் வருஷத்து மொத்தமும் உடனே கேட்பார்கள். பிறகு நீதிமன்ற ஆணை, பிறகு பெய்லிஃப். 2014இல் பெய்லிஃப் என்ற பெயரையே மாற்றி, கட்டணத்தையும் வகுத்தார்கள்: கடிதம் போடும் கட்டத்துக்கு 75 பவுண்டு, வாசலில் வந்து நின்றால் இன்னும் 235. “மாமா, கடிதக் கட்டத்திலேயே தவணை பேசிவிட்டேன்” என்றான். என்னைவிடக் கெட்டிக்காரன்.

இங்கே மீண்டும் வருகிறேன். நான் கட்டி முடித்த இரண்டு வருஷத்தில், 2020 ஆகஸ்டில், ஒருமுறைத் தீர்வு என்று அறிவித்தார்கள்: அசல் முழுவதும், வட்டியில் பத்தில் ஒரு பங்கும் ஒரே முறையில் கட்டினால் மீதி 90 சதவீத வட்டி தள்ளுபடி. பக்கத்துக் கடைக்காரர் என்னைவிடப் பழைய பாக்கிக்காரர். சிரித்துக்கொண்டே கட்டிவிட்டு வந்தார். 2022, 2024, 2025 ஆண்டுகளிலும் இந்தத் தீர்வு வந்தது. ஒழுங்காக ஏப்ரலிலேயே முழு வருஷத்தையும் கட்டுகிறவனுக்கு 5 சதவீதச் சலுகை, வருஷக்கணக்காகக் கட்டாதவனுக்கு வட்டியில் 90 சதவீதம் என்றால் நியாயமா என்று எனக்கு இன்றைக்கும் மனம் ஆறவில்லை. காத்திருந்தால் லாபம்தானே என்று இளைஞர்கள் என்னைக் கேட்கிறார்கள். கணக்குப்படி சில சமயம் லாபம்தான், மறுக்க மாட்டேன். ஆனால் எப்போது அறிவிப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது, வாரண்ட் அதுவரை காத்திராது, அசலை ஒரே நாளில் புரட்டவும் வேண்டும். எங்கள் தத்துவார்த்த சூத்திரம் அரசு விதியை மீறுவதைத் திருட்டு விலக்கும் விரதத்துக்குக் குற்றமாகவே எண்ணுகிறது. கள்ளத் தராசும் அதே பட்டியலில்தான்.

வரித்தொகையே தவறு என்றால், பாக்கி வைத்துப் பழி தீர்க்காமல் எழுத்தில் ஆட்சேபணை கொடுங்கள். பிப்ரவரி, மார்ச் ஞாயிற்றுக்கிழமைகளில் ‘பரிஷ்காரம்’ என்று குறைதீர்க்கும் அமர்வுகள் நடத்தியிருக்கிறார்கள். அளவுத் தவறு, இரட்டைக் கணக்கு, பதியாத ரசீது போன்றவற்றை அங்கே பேசலாம். பழைய ரசீதுகளை எடுத்துப் போங்கள்.

ஆணியை நான் பிடுங்கிவிட்டேன். இப்போது ஏப்ரல் முதல் வாரத்தில் நானே கட்டி, ரசீதைப் பேரேட்டில் ஒட்டி, தமையனாருக்கும் போன் போட்டுச் சொல்லிவிடுகிறேன். சலுகை 620 ரூபாய். “ஒரு குக்கர் கூட வராதே” என்கிறார் அவர்.