தொட்டுப் பார்க்க முடியாத புடவை

ஜவுளிக் கடையில் புடவை வாங்கும் ஸ்திரீகளை நேயர்கள் கவனித்திருப்பார்கள். கடைக்காரர் புடவையைப் பிரித்துப் போட்டதும் முதலில் பேசுவது வாய் அல்ல, கைதான். முந்தானையை விரலால் நெருடிப் பார்ப்பார்கள். கரையைப் புரட்டி உட்புறத்தைப் பார்ப்பார்கள். பிறகு, கடைக்காரர் எவ்வளவு சத்தியம் செய்தாலும் கேளாமல், புடவையை வாசற்படி வரையில் கொண்டு போய்ப் பகல் வெளிச்சத்தில் நிறத்தைச் சோதிப்பார்கள். இத்தனை பரீட்சைகளிலும் தேறிய புடவைக்குத்தான் விலை கேட்கப்படும்.

இப்போது கைப்பேசியில் நடக்கும் வியாபாரத்தில் நெருடிப் பார்க்கக் கையும் இல்லை. கொண்டு போய்ப் பார்க்க வாசற்படியும் இல்லை. ஒரு படம் மட்டுமே இருக்கிறது. கையின் வேலை, வாசற்படியின் வேலை இரண்டையும் அந்தப் படமே செய்தாக வேண்டியிருக்கிறது.

சேலத்தை அடுத்த இளம்பிள்ளை புடவைக்குப் பிரசித்தி பெற்ற ஊர். அங்கும் சுற்றுக் கிராமங்களிலும் தறியில் இறங்கும் புடவைகள் வாட்ஸ்அப் வழியாகவே வெகு தூரத்து ஊர்களுக்கெல்லாம் போகின்றன. அந்தப் பக்கத்தில், வீட்டுத் திண்ணையையே கடையாக வைத்துக்கொண்டு வியாபாரம் செய்யும் ஓர் அம்மாளை நாம் சந்தித்தோம். திரும்பி வந்த பார்சல் ஒன்று அவர் பக்கத்தில் கிடந்தது.

"ஏனுங்க, நான் பொய்யா சொன்னேன்? மயில்கழுத்துச் சேலைங்க இது. படத்துல பச்சையா இருந்துச்சு, வந்தது நீலமா இருக்குதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. போன கூலியும் வந்த கூலியும் என் தலையிலதானுங்க விழுந்துச்சு" என்றார்.

"படத்தை எங்கே வைத்து எடுத்தீர்கள், அம்மா?" என்று கேட்டோம்.

"ராத்திரி வேலையெல்லாம் முடிஞ்ச பொறகு, இந்த ட்யூப் லைட்டுக்குக் கீழதானுங்க."

அந்த அம்மாள் பொய் சொல்லவில்லை. படமும் முழுப் பொய் சொல்லவில்லை. பாதி உண்மையைச் சொன்னது. மயில்கழுத்து நிறத்தில் பாவு ஒரு வர்ணம், ஊடை வேறொரு வர்ணம். ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் பச்சை மேலோங்கும்; மறு பக்கத்திலிருந்து பார்த்தால் நீலம் மேலோங்கும். ஒரே படத்தில் அது அடங்காது. போதாக்குறைக்கு, விளக்கின் வெளிச்சம் தன் சாயலையும் துணியின் மீது ஏற்றியிருந்தது. புடவையை வாசலுக்குக் கொண்டு வந்து, சூரியன் நேரே படாத நிழலில் மடிப்பு மடிப்பாக விட்டு, இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று, மடிப்பை அசைத்து ஒரு சிறு சலனப் படம் என்று மூன்றாக எடுத்தோம். ஒரு காசு செலவில்லை. அந்தப் படங்களைப் பார்த்து வாங்குகிறவர் எதை எதிர்பார்ப்பாரோ, அதுதான் பார்சலில் போய்ச் சேரும்.

சிறு வியாபாரிகள் பலர், நல்ல படத்துக்கு விலை உயர்ந்த காமிரா வேண்டும் என்று எண்ணுகிறார்கள். வேண்டியது வெளிச்சம். அதிலும் ஒரே இடத்திலிருந்து வரும் வெளிச்சம். ஜன்னல் வெளிச்சத்தோடு ட்யூப் லைட்டும் சேர்ந்தால், இரண்டில் எதை நம்புவது என்று காமிராவுக்குத் தெரியாது. வெள்ளைத் துணியில் ஒரு புறம் நீலமும் மறு புறம் மஞ்சளும் தட்டும். ஆகவே விளக்கை அணைத்துவிட வேண்டும்.

வடக்குப் பார்த்த ஜன்னல் மிகவும் நல்லது என்று படம் பிடிப்பவர்கள் சொல்வதுண்டு. நம் ஊருக்கு அதில் ஒரு திருத்தம் உண்டு. சேலம் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 11½ பாகையில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் மூன்றாவது வாரத்திலிருந்து ஆகஸ்டு மூன்றாவது வாரம் வரையில் நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறான். அந்த நான்கு மாதங்களில் வடக்கு ஜன்னலிலும் வெயில் எட்டிப் பார்க்கும். அப்போது ஜன்னலுக்குக் குறுக்கே வெளுத்த வேட்டி ஒன்றைக் கட்டிவிட்டால் போதும். கடுமையான வெயில் மெத்தென்ற வெளிச்சமாக மாறி உள்ளே வரும்.

ஜன்னலுக்கு எதிர்ப்புறம் நிழல் தட்டினால், அங்கே ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டையை நிறுத்த வேண்டும். வெளிச்சத்தைப் பலகையால் திருப்பிவிடும் இந்த வித்தை சேலத்துக்குப் பழக்கமானதுதான். 1935-ல் டி. ஆர். சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸை இந்த ஊரில்தான் தொடங்கினார். தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-ல் அங்கிருந்து வெளிவந்தது. சினிமாக்காரர்கள் பெரிய பலகையால் நட்சத்திரத்தின் முகத்துக்குச் செய்ததை, நாம் சிறிய அட்டையால் புடவைக்குச் செய்கிறோம்; அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி, சாமானுக்குத் தக்கபடி காமிராவின் சுபாவத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். தன் முன்னே இருப்பதெல்லாம் சராசரியில் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று அது பெரும்பாலும் எண்ணிக்கொள்கிறது. புவிசார் குறியீடு பெற்ற சேலம் வெண்பட்டை அதன் முன் விரித்தால், "இது அளவுக்கு மீறிய வெளிச்சம்" என்று கருதிக் குறைத்துவிடும். வெண்பட்டு அழுக்கேறியது போல் விழும். 2023-ல் அதே குறியீட்டைப் பெற்ற சேலம் ஜவ்வரிசிக்கும் இதே கதிதான். சேலம், நாமக்கல் பக்கத்து மாக்கல் சட்டிக்கோ நேர் எதிரான கதி. எண்ணெய் தடவிப் பழக்கிய கரிய சட்டியை வெளுக்க வைத்துச் சாம்பல் பூசியது போல் காட்டும். பரிகாரம் எளியது. கைப்பேசித் திரையில் சாமான் இருக்கும் இடத்தை விரலால் தொட்டால், அநேகமாக ஒரு சிறு சூரியன் படம் தோன்றும். வெண்மையான சாமானுக்கு அதைச் சற்றே மேலே தள்ள வேண்டும். கரிய சாமானுக்குச் சற்றே கீழே இறக்க வேண்டும்.

சேலம் வெள்ளிக் கொலுசு எல்லாவற்றையும் விடத் தொல்லை கொடுப்பது. பளபளப்பான வெள்ளி ஒரு கண்ணாடி. எதிரே சிவப்புச் சட்டை அணிந்தவர் நின்றால் கொலுசும் சிவக்கும். இதற்கும் வேட்டிதான் துணை. கொலுசின் மூன்று புறமும் வெள்ளைத் துணியை மறைப்பாகக் கட்டி, முன்புறம் ஒரு சிறு இடைவெளி வழியாகப் படம் எடுத்தால், வெள்ளி தன் வெண்மையை மட்டுமே காட்டும்.

இன்னும் சில சிறு விஷயங்கள். காமிராக் கண்ணாடியை முதலில் மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். மங்கிய படங்களில் பல கைரேகை படிந்ததால் மங்கியவை. சாமானுக்கு வெகு அருகில் போனால் உருவம் கோணிக்கொள்ளும்; இரண்டடி பின்னால் நின்று எடுக்க வேண்டும். கை நடுங்குமானால் முக்காலியின் மேல் இரண்டு செங்கல்லை வைத்துக் கைப்பேசியைச் சாய்த்துவிடலாம். முகத்துக்கு மெருகு போடும் வசதிகளைப் புடவைக்கு உபயோகிக்கவே கூடாது.

எத்தனை படம் வேண்டும்? கடைக்கு வந்த ஸ்திரீ என்னென்ன பார்த்தாளோ, அத்தனையும் வேண்டும். முழுப் புடவை ஒன்று, முந்தானை ஒன்று, கரை ஒன்று, உட்புறம் ஒன்று, துணியின் மென்மையும் கனமும் தெரியும்படி உள்ளே ஒரு கையை விட்டு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தது ஒன்று. கொலுசாக இருந்தால் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைக்க வேண்டும். நூல் இழுத்திருந்தாலோ சாயம் ஓரிடத்தில் மங்கியிருந்தாலோ அதையும் ஒரு படமாக எடுத்து அனுப்ப வேண்டும். "குறையை நாமே காட்டுவதா?" என்று சிலர் தயங்கலாம். நாம் காட்டாத குறையை வாங்கியவர் காட்டுவார். அப்போது தபால் கூலி இரண்டு மடங்காகும்.

சட்டமும் இந்தப் பக்கமே நிற்கிறது. விளம்பரம் பொருளின் உண்மைத் தன்மைக்கு ஒத்திருக்க வேண்டும் என்றும், வர்ணித்தபடி இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாதென்றும், 2020-ம் வருஷத்து மின்வணிக விதிகள் இணையத் தளங்களில் விற்போருக்குக் கட்டளையிடுகின்றன. சிறு வியாபாரிக்கு ஆதரவான சட்டமும் உண்டு. 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஒருவர் தமக்காகத் தாமே எடுத்த படம் அவருக்கே சொந்தம். அதை இன்னொருவர் எடுத்துத் தம் சரக்கென்று போட்டுக்கொள்ள உரிமையில்லை. பிறர் படத்தை நாம் எடுத்துக்கொள்வதும் அப்படியே தவறு. நம்மிடம் இல்லாத புடவையின் அழகிய படத்தைவிட, இருக்கிற புடவையின் சாதாரணப் படம் மேலானது.

ஒன்று முக்கியம். விசைத்தறிப் புடவைக்குக் கைத்தறி என்று பெயரிட்டுப் படம் போடுவது, இரவு பகலாகக் கைத்தறியில் உட்கார்ந்தவனின் சோற்றில் கைவைப்பதாகும். விசைத்தறி நெசவும் நேர்மையான தொழில்தான். அதன் பெயரைச் சொல்லியே விற்கலாம். 2006-ல் ஏற்பட்ட கைத்தறி முத்திரை புடவையில் இருந்தால், அதையும் அருகிலிருந்து தெளிவாகப் படம் எடுத்துப் போடலாம்.

திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925-ல் ராஜாஜி காந்தி ஆசிரமத்தை நிறுவினார். அந்நாட்களில் தொண்டர்கள் கதர் மூட்டையைத் தோளில் சுமந்து வீடு வீடாகப் போய் விற்றார்கள். கதர், மில் துணியைப் போல் வழவழப்பாக இருக்கவில்லை, மலிவாகவும் இருக்கவில்லை. முரட்டுத் துணியை முரட்டுத் துணி என்று சொல்லியே விற்றார்கள். சொன்னவரை நம்பி ஜனங்கள் வாங்கினார்கள். இன்று திண்ணையில் உட்கார்ந்து விற்கும் அம்மாளுக்குத் தோளில் மூட்டை இல்லை. வாங்குகிறவரின் முகத்தை அவர் பார்ப்பதும் இல்லை. அவருக்குப் பதிலாக அந்த வீட்டு வாசலில் போய் நிற்பது அவர் எடுத்த படமே. நாளைக் காலையில் விளக்கை அணைத்து ஜன்னலைத் திறந்து வைத்துப் படம் எடுத்தால், அது அவர் மானத்தைக் காப்பாற்றும். அடுத்த புடவையும் விலை போகும்.