கோழி அடை வைக்கப் போறீங்களா? கழிச்சல் நோயில் குஞ்சுகளை பறிகொடுக்காமல் தப்ப வழி

ஸ்ரீபெரும்புதூர்,-

கார், செல்போன் தொழிற்சாலைகள் நிறைந்த ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சுற்றுவட்டார கிராமங்களில் கொல்லைப்புறத்தில் நாலு நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் இன்றும் உண்டு. குஞ்சு பொரிக்க மெஷின் தேவையில்லை. ஒரு அடைக்கோழி போதும்.

கோழி இறகை சிலிர்த்துக்கொண்டு, கூடையை விட்டு எழ மறுத்தால் அடைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். கூடையில் மணல், வைக்கோல் பரப்பி 10 முதல் 12 முட்டை வைக்கலாம். ஒரு வாரத்துக்குள் இட்ட முட்டையாக இருக்க வேண்டும். 21-வது நாளில் குஞ்சு வெளிவரும்.

கூமுட்டை ஏன்?

இடி சத்தத்துக்கு முட்டை கெட்டுவிடும் என்று கூடையில் இரும்பு, கரி, மிளகாய் போடுவது பழைய வழக்கம். ஆனால் இடி காரணமல்ல. சேவல் சேராத முட்டையும், நாள்பட்ட முட்டையும்தான் பெரும்பாலும் கூமுட்டையாகிறது. 7-ம் நாள் இரவில் டார்ச் அடித்துப் பார்த்தால் நல்ல முட்டையில் ரத்த நாளம் வலைபோல் தெரியும். தெரியாததை எடுத்துவிடலாம். கடைசி 3 நாள் கூடையை தொடக்கூடாது.

சொட்டு மருந்து

தாய்க்கோழி சுமார் 2 மாதம் குஞ்சுகளோடு திரியும். அதுவரை பெரும்பாலும் முட்டையிடாது. இந்த நேரத்தில் ராணிக்கெட் எனும் வெள்ளைக்கழிச்சல் வந்தால் 80 நாள் பாடும் போச்சு. வைரஸ் நோய் என்பதால், வந்தபின் குணப்படுத்த மருந்து கிடையாது.

முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து, 8 வாரம் ஆனதும் இறக்கையில் தடுப்பூசி. இதுதான் ஒரே காப்பு. பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.