அடுப்பு வேண்டாம், பாகு வேண்டாம்!

வீட்டில் ஒருவருக்குச் ‘சர்க்கரை’ வந்துவிட்டால், வீடு முழுவதுமே கசந்து போகிறது. இந்தப் பொல்லாத வியாதிக்கு இப்படித் தித்திப்பான பெயரை யார்தான் வைத்தார்களோ!

தீபாவளியன்று பாருங்கள். பட்சணத் தட்டு ஒவ்வொருவர் முன்னாலும் நின்று நின்று போகும். தாத்தாவிடம் வந்ததும் மட்டும் நிற்காமல் தாண்டிவிடும். “தாத்தாவுக்கு வேண்டாம். டாக்டர் திட்டுவார்” என்று ஒரு குரல். “பாவம், நாளும் கிழமையுமாக ஒன்றே ஒன்று தின்றால் என்ன முழுகிப் போய்விடும்?” என்று இன்னொரு குரல். நடுவில் தாத்தா, ‘எனக்கு இதிலெல்லாம் ஆசையே இல்லை’ என்று காட்டிக்கொள்வதற்காகப் பத்திரிகையை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறார். எல்லோரும் தூங்கிய பிறகு சமையலறையில் டப்பா திறக்கும் சத்தம் கேட்கிறது!

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையைச் சேர்ந்த நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றும் நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களைப் பரிசோதித்து, 2023-ல் ஒரு கணக்கு வெளியிட்டன. இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானவர்களுக்கு நீரிழிவு இருக்கிறது என்றது அந்தக் கணக்கு. அதற்கு முந்திய கட்டத்தில், வாசற்படியில் நிற்பவர்கள் 13 கோடிக்கும் மேல்! ஆகவே, பட்சணத் தட்டு தாண்டிப் போகும் இடங்கள் வீட்டுக்கு வீடு இருக்கின்றன.

இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரமாக இப்போது ஒரு பலகாரம் பிரபலமாகி வருகிறது. கோகோவும் தேங்காயும் சேர்ந்த உருண்டை. சர்க்கரை கிடையாது. அவன் என்னும் அடுமனைப் பெட்டி வேண்டாம். அடுப்படியில் நின்று, ‘ஒற்றைக் கம்பிப் பதமா, இரட்டைக் கம்பிப் பதமா?’ என்று தவிக்கவும் வேண்டாம். உருட்டினால் ஆயிற்று. குழந்தைகளே செய்துவிடலாம்.

கேட்பதற்குப் பிரமாதமாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘சர்க்கரை இல்லாதது’ என்ற சொல்லை அப்படியே நம்பித் தட்டை நீட்டுவதற்கு முன், சில விஷயங்களை நாம் தெரிந்துகொண்டாக வேண்டும்.

பழைய ஜோடி

சாக்லெட்டுக்கும் சர்க்கரைக்கும் ஆதியிலிருந்தே கல்யாணம் ஆனதாகத்தானே நினைக்கிறோம்? இல்லவே இல்லை. மெக்ஸிகோ பக்கத்து மாயர்களும் அஸ்டெக்குகளும் கோகோவை அரைத்து, மிளகாய் போன்ற காரப் பொருள்களைச் சேர்த்துக் கசப்புப் பானமாகவே குடித்தார்கள். ஸ்பானியர்கள் அங்கே போன பிறகுதான் அதில் சர்க்கரை கலந்தது. 1828-ல் வான் ஹௌடன் என்ற டச்சுக்காரரின் முறைப்படி கோகோவைப் பிழிந்து, கொழுப்பை ஒரு பக்கமும் தூளை ஒரு பக்கமுமாகப் பிரித்தார்கள். இன்று நாம் டப்பாவில் வாங்கும் கோகோத் தூள் அந்த வழி வந்ததுதான். கடித்துத் தின்னும் சாக்லெட் கட்டி 1847-ல் இங்கிலாந்தில் உருவாயிற்று. பாலைச் சேர்த்தது அதற்கும் பின்னால், ஸ்விட்ஸர்லாந்தில்.

கோகோவுக்கும் தேங்காய்க்கும் உள்ள உறவோ நம் ஊர்ப் பக்கத்து உறவு. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் போனால் தென்னந்தோப்புகளின் நிழலில் கோகோ மரங்கள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். அடிமரத்திலேயே காய்கள் பலாவைப் போல ஒட்டிக்கொண்டிருக்கும். மேலே தேங்காய், கீழே கோகோ. ஒரே மண், ஒரே தண்ணீர். தோட்டத்தில் சேர்ந்து வளர்ந்த இரண்டும் நம் தட்டிலும் சேர்வது பொருத்தந்தானே?

சர்க்கரை செய்யும் மூன்று வேலைகள்

சர்க்கரை தித்திப்புக்காக மட்டும் பட்சணத்தில் சேருவதில்லை. தித்திப்பைத் தருவது ஒரு வேலை. உதிரும் பொருள்களைச் சேர்த்துப் பிடித்து உருவம் தருவது இரண்டாவது வேலை. பண்டம் கெடாமல் காப்பது மூன்றாவது வேலை. பாகு வைத்த பலகாரம் பல நாள் தாங்குவது இதனால்தான்.

சர்க்கரையை நீக்கினால் இந்த மூன்று வேலைகளுக்கும் வேறு ஆள் தேட வேண்டும். பிடித்து வைக்கும் வேலையைப் பேரீச்சம்பழத்தின் பிசுபிசுப்பு செய்யும். அல்லது தேங்காயெண்ணெய் குளிர்ந்து உறைந்து செய்யும். கெடாமல் காக்கும் வேலைக்குப் பிரிஜ்தான் கதி. தித்திப்புக்கு? அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. முதலில் இரண்டு உருண்டைகளையும் செய்து பார்ப்போம். பிறகு அந்தச் சூட்சுமத்துக்கு வருவோம்.

முதல் வகை: பேரீச்சம்பழ உருண்டை

கொட்டை நீக்கிய மிருதுவான பேரீச்சம்பழம் 200 கிராம். வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை 100 கிராம் (பாதாம், முந்திரி என்றாலும் சரி). கொப்பரைத் துருவல் 60 கிராம். கோகோத் தூள் 3 மேஜைக்கரண்டி. ஏலக்காய்ப் பொடி, ஒரு சிட்டிகை உப்பு.

கடலையை மிக்ஸியில் கரகரப்பாகப் பொடித்து எடுத்து வைத்துவிடுங்கள். பழம் உலர்ந்து கெட்டியாக இருந்தால், வெந்நீரில் பத்து நிமிஷம் ஊறப்போட்டு, நன்றாகப் பிழிந்து, துணியில் ஒற்றி எடுங்கள். பழத்தை விழுதாக அரைத்து, கடலைப் பொடி, கோகோ, ஏலப்பொடி, உப்பு, பாதித் துருவல் எல்லாவற்றையும் சேர்த்துப் பிசையுங்கள். கையில் தேங்காயெண்ணெய் தொட்டுக்கொண்டு இருபது உருண்டைகள் பிடித்து, மீதித் துருவலில் புரட்டி எடுங்கள். அரை மணி பிரிஜ்ஜில் வைத்தால் இறுகிவிடும். இறுகாமல் தளர்ந்திருந்தால் இன்னும் கொஞ்சம் கடலைப் பொடியோ துருவலோ சேர்க்கலாம். உதிர்ந்தால் இரண்டு பழத்தைக் கூட்டலாம்.

இரண்டாம் வகை: தேங்காய்ச் சாக்லெட்

சர்க்கரை சேராத கொப்பரைத் துருவல் 150 கிராம். தேங்காயெண்ணெய் உள்ளுக்கு 3 மேஜைக்கரண்டி, மேல் பூச்சுக்கு 3 மேஜைக்கரண்டி. கோகோத் தூள் 3 மேஜைக்கரண்டி. ஏலப்பொடி அல்லது வனிலா, ஒரு சிட்டிகை உப்பு. தித்திப்புக்கு ஸ்டீவியாத் தூள், ருசிக்கு ஏற்ப.

துருவலை மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டினால் கொஞ்ச நேரத்தில் எண்ணெய் கசிந்து சேர்ந்தாற்போல் வரும். அந்தப் பதத்தில் எண்ணெய், உப்பு, வாசனை, சிறிது ஸ்டீவியா சேர்த்துக் கலந்து, இருபது சிறு உருண்டைகளாக அழுத்திப் பிடித்து, அரை மணி நேரம் குளிர வையுங்கள். பூச்சுக்கான எண்ணெய் உறைந்திருந்தால் கிண்ணத்தோடு வெந்நீரில் வைத்து இளக்கி, கோகோவைச் சலித்துப் போட்டு, கட்டியில்லாமல் கலக்குங்கள். குளிர்ந்த உருண்டைகளை முள்கரண்டியால் இதில் முக்கி எடுத்துத் தட்டில் வைத்தால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே பூச்சு இறுகத் தொடங்கும்.

இதில் மூன்று ஜாக்கிரதை. முதலாவது, பூச்சுக் கிண்ணத்தில் தண்ணீர் பட்டுவிடக் கூடாது. பட்டால் கோகோ திரிந்து கட்டி தட்டிப் போகும். இரண்டாவது, ஸ்டீவியா சர்க்கரையைப் போல 200 மடங்குக்கும் மேல் இனிப்பது. கடையில் விற்கும் பொட்டலங்களில் வேறு தூள்களையும் கலந்திருப்பார்கள். வேகம் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி. சிட்டிகை சிட்டிகையாகப் போட்டு ருசி பாருங்கள். அதிகமானால் நாக்கின் அடியில் கசப்புத் தட்டும். மூன்றாவது, தேங்காயெண்ணெய் சுமார் 24 டிகிரி செல்ஸியஸிலேயே இளகிவிடும். சாக்லெட்டிலுள்ள கோகோ வெண்ணெயோ 34 டிகிரி வரை தாங்கும். ஆகவே, சென்னை வெயிலில் இதைத் தட்டில் அடுக்கிக் கொலுவில் வைத்தால், சுண்டல் வாங்க வருபவர்களுக்குக் குழம்புதான் கிடைக்கும்! பிரிஜ்ஜிலிருந்து எடுத்த கையோடு பரிமாறிவிட வேண்டும்.

பச்சைத் தேங்காயில் செய்யலாமா என்று கேட்பீர்கள். செய்யலாம். ஆனால் ஈரம் போகும் வரை வெறும் வாணலியில் மெல்லிய தீயில் வறட்டி, ஆறவைத்துச் செய்யுங்கள். அப்படிச் செய்தாலும் பிரிஜ்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுவதே நல்லது.

இப்போது அந்தச் சூட்சுமம்

முதல் வகையில் ஒரு கரண்டி சர்க்கரைகூடச் சேர்க்கவில்லை, வாஸ்தவம். ஆனால் பேரீச்சம்பழத்தில் 100 கிராமுக்கு 60 கிராமுக்கு மேல் சர்க்கரைச் சத்துதான். 200 கிராம் பழத்தை இருபது உருண்டையாக்கினால், ஒரு உருண்டைக்கு ஆறு கிராமுக்குக் குறையாது. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரைக்குச் சற்று மேலேயே என்று வைத்துக்கொள்ளுங்கள். நார்ச்சத்து, கடலை எல்லாம் சேர்ந்திருப்பதால் வெறும் சர்க்கரையைவிட இது மேல் என்பதில் சந்தேகமில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வரும் குழந்தைக்குக் கொடுக்க நல்ல பண்டம். ஆனால் ‘சர்க்கரையே இல்லை’ என்று தாத்தாவிடம் சத்தியம் செய்து நாலு உருண்டை கொடுத்தால், அவருக்கு ஐந்து தேக்கரண்டிச் சர்க்கரையை ஊட்டியதாகத்தான் அர்த்தம்!

தேன், வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை ஆகியவற்றுக்கும் இதே நியாயந்தான். பெயர் மாறுகிறது, நிறம் மாறுகிறது; இரத்தத்தில் போய்ச் சேரும் சரக்கு மாறுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் தேனையும் சர்க்கரைக் கணக்கிலேயே சேர்த்திருக்கிறது.

சரி, இரண்டாம் வகையாவது முழு யோக்கியமா? ஏறக்குறைய. ஆனால் தேங்காயிலேயே இயற்கையாகக் கொஞ்சம் சர்க்கரை உண்டு. கணக்குப் போட்டால் ஒரு உருண்டைக்கு அரை கிராம் தேறும், பயப்பட ஒன்றுமில்லை. நம் நாட்டு உணவுச் சட்டப்படி, 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் ‘சர்க்கரை இல்லாதது’ என்று அச்சிட்டு விற்கக் கூடாது. அந்தத் தராசில் நிறுத்தால், தேங்காய் சேர்ந்த இந்த மிட்டாய் தேறாது! ‘சர்க்கரை சேர்க்காதது’ என்று சொல்வதுதான் நேர்மை. இதைவிடக் கவனிக்க வேண்டியது கொழுப்பு. ஒரு சிறு உருண்டையிலேயே சுமார் 90 கலோரி இருக்கிறது. அதில் பெரும்பகுதி தேங்காயின் பூரிதக் கொழுப்பு. நீரிழிவுக்காரர்களுக்கு இருதயத்தைப் பற்றியும் கவலை உண்டல்லவா? ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அதோடு டப்பாவை மூடிவிட வேண்டும்.

கடையில் வாங்கும்போதும் கண்ணைத் திறந்துகொள்ளுங்கள். ‘டிரிங்கிங் சாக்லெட்’ என்று விற்பது கோகோத் தூள் அல்ல. அதில் சர்க்கரைதான் தாராளமாக இருக்கும். ‘சுகர் ஃப்ரீ’ சாக்லெட்டுகள் பலவற்றில் மால்டிடால் என்று ஒன்று சேர்க்கிறார்கள். அதுவும் இரத்தச் சர்க்கரையை ஓரளவு ஏற்றும்; அதிகம் தின்றால் வயிற்றைக் கலக்கிவிடும். செயற்கைத் தித்திப்புகளை உடம்பு இளைப்பதற்காக நம்ப வேண்டாம் என்று 2023-ல் உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்த யோசனை பொருந்தாது. குழந்தைகளுக்கு ஸ்டீவியா அவசியமே இல்லை.

மறக்கவே கூடாத ஒன்று

மாத்திரையோ இன்ஸுலினோ எடுத்துக்கொள்பவர்களுக்குச் சில சமயம் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சுத் தடுமாறும். பதற்றத்தில், ‘தாத்தாவுக்கு என்று செய்தது இருக்கிறதே’ என்று இந்த உருண்டையை எடுத்து நீட்டிவிடாதீர்கள்! இதில் வேண்டிய சர்க்கரை இல்லை. இருக்கும் கொழுப்போ, சர்க்கரை இரத்தத்தில் சேருவதைத் தாமதப்படுத்தும். அந்தச் சமயத்துக்கு உகந்தது குளூகோஸ், அல்லது மூன்று தேக்கரண்டி நிஜச் சர்க்கரை கரைத்த தண்ணீர்தான். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கோகோ, பேரீச்சம்பழம், தேங்காய் மூன்றையுமே டாக்டரைக் கேட்டுத்தான் தொட வேண்டும்.

இவ்வளவு எச்சரிக்கையும் சொல்லிவிட்டு இதைச் செய்யச் சொல்வானேன் என்று சில சகோதரிகள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. வியாதிக்காரருக்கு இனிப்பு கிடைக்காததைவிட, எல்லோரும் தின்னும்போது தாம் மட்டும் விலகி உட்கார்ந்திருப்பதுதான் பெரிய குறை. அவருக்கென்று தனியாக ஒரு ‘பத்தியப் பலகாரம்’ செய்து தனித் தட்டில் நீட்டினால் அந்தக் குறை தீராது. அதற்குப் பதில் இரண்டாம் வகையையே எல்லோருக்குமாகச் செய்து, ஆளுக்கு ஒன்று என்று கணக்காக வையுங்கள். பேரனுக்கும் ஒன்று, தாத்தாவுக்கும் ஒன்று. யாருக்கும் இரண்டாவது இல்லை என்ற சட்டம் வீட்டுக்கே பொது.

மிட்டாய் மிஞ்சினால் பிரிஜ்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். டப்பாவின் மேல் என்றைக்குச் செய்தது, எந்த வகை, ஒரு நாளைக்கு எத்தனை என்று ஒரு சீட்டு ஒட்டிவிட்டால், நடுராத்திரி டப்பா திறக்கிறவர்களும் கணக்குத் தப்பாமல் தின்பார்கள்.