முகவரியும் தாவலும்

பேரையூரில் கிணற்று மோட்டாரை வீட்டிலிருந்தே போட இரண்டு ரேடியோ மோடம் வைத்தோம். ஒருநாள் ஸ்விட்சைத் தட்டினால் பக்கத்துத் தோட்டத்து மோட்டாரும் ஓடுது! அந்நேரம் அங்கே யாராவது மோட்டாரில் கை வைத்திருந்தால்? இன்னமும் பகீர்னு இருக்கு.

காரணம், இரண்டு வீட்டிலும் மோடம் வந்தபடியே கிடந்தது. எண்களை யாரும் மாற்றவில்லை. அதில் முக்கியமானவை இரண்டு.

முகவரி: கதவு எண் மாதிரி. கட்டளை யாருக்கு என்று சொல்லும்.

தாவல் எண்: எந்த வரிசையில் அலைவரிசை மாறணும் என்று சொல்லும். இரு முனையும் சேர்ந்து தாவினால்தான் பேச்சு நடக்கும். நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தைலும் 1942-ல் காப்புரிமை பெற்ற யோசனை இது. அதில் 88 அலைவரிசை. பியானோ கட்டைகளும் 88தான்.

முகவரியை மட்டும் மாற்றினால் போதுமா? போதாது. தாவல் எண் ஒன்றாக இருந்தால், அடுத்தவர் பேச்சைக் கேட்டுக்கொண்டே நம் மோடம் நம்முடையதைத் தவறவிடும். ‘ஆஃப்’ கட்டளை தவறினால், வறண்ட கிணற்றில் ஓடி மோட்டார் புகைந்துவிடும்.

நம் நாட்டில் 2005-ல் உரிமம் தேவையில்லை என்று விடப்பட்ட 865–867 மெகாஹெர்ட்ஸில், 200 கிலோஹெர்ட்ஸ் வீதம் பத்து சேனல்தான் கொள்ளும். தாவல் எண் வேறானாலும் எப்போதாவது மோதும். அதனால் கடைசியாக ஒன்று செய்தேன்: ஒரு நிமிடம் வீட்டிலிருந்து சத்தம் வராவிட்டால் மோட்டார் தானே நிற்கும்.

பக்கத்துத் தோட்டத்து அண்ணனோடு உட்கார்ந்து எண்களைப் பிரித்துக்கொண்டோம். வரப்பு மாதிரிதான், பேசி வைத்துக்கொண்டால் சண்டையில்லை.